கழுத்திலும் அடைப்பு, இதயத்திலும் அடைப்பு: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். 15 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பீடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னதால் ஆஞ்சியோ செய்தோம். மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு, லெஃப்ட் மெயின் என்ற இதயத்தின் இடதுபக்க முக்கியக் குழாயில் 60 சதவீதம், பைபாஸ்தான் வழி என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் கழுத்து டாப்ளர் எடுத்தார்கள். வலதுபக்கக் கரோட்டிட் குழாயில் 75 சதவீத அடைப்பு, இடதுபக்கம் 40 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு மருத்துவமனையில் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கழுத்தைத் தொடவே வேண்டாம், இதயத்தை மட்டும் பார்ப்போம் என்கிறார்கள். என் கொழுந்தனார், கழுத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டுப் பிறகு பைபாஸ் செய்யலாம் என்று எங்கோ கேட்டுவந்து சொல்கிறார். ஆபரேஷன் மேஜையிலேயே பக்கவாதம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. சர்க்கரையால் அவருக்குக் கை கால் மரத்துப்போவது உண்டு, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் காபி டம்ளரைக்கூட இடது கையிலிருந்து நழுவவிட்டார். மற்றபடி பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அட்மிஷன். நாங்கள் என்ன முடிவெடுப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது 75 சதவீதம் என்ற எண்ணில்தான் என் கண்ணும் போனது. இரண்டாவது தடவை படிக்கும்போது அந்தக் காபி டம்ளரில் நின்றுவிட்டேன். நீங்கள் அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அது சர்க்கரையாகவும் இருக்கலாம். ஆனால் வலதுபக்கக் கழுத்துக் குழாயில் அடைப்பு உள்ள ஒருவருக்கு இடது கையிலிருந்து டம்ளர் விழுந்தது என்றால், என்னைப் போன்றவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்காருவோம். நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் எது சரி என்பது பெரும்பாலும் அந்த டம்ளர் ஏன் விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிப்பது தெரியும். (ஒரு பக்கம் மட்டும் மெதுவாக வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்த வேண்டாம், அப்பாவுக்கு நீங்களாகச் செய்துபார்க்கவும் வேண்டாம்.) அதுதான் கரோட்டிட். தாடை எலும்பின் உயரத்தில் அது இரண்டாகக் கிளைக்கிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலையின் தோலுக்கும் போகிறது. உட்கிளை நேராக மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. கிளை பிரியும் இடத்தில் ரத்தம் சுழித்துக்கொண்டு ஓடும். ஆற்றில் சுழி உள்ள இடத்தில் வண்டல் படிவது போலக் கொழுப்பு அங்கேதான் படியும். இதயத்தின் ரத்தக்குழாய்களில் நடந்த அதே வேலைதான் இது. பீடி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வயது எல்லாம் இதயத்துக்கு ஒரு கணக்கு, கழுத்துக்கு ஒரு கணக்கு என்று வைப்பதில்லை. அதனால்தான் 65 வயதைத் தாண்டியவர்கள், லெஃப்ட் மெயினில் அடைப்பு உள்ளவர்கள், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தவர்கள், புகைத்தவர்கள் என்றால் பைபாஸுக்கு முன்னால் கழுத்தையும் ஒரு பார்வை பார்க்கிறோம். உங்கள் அப்பாவுக்கு இவற்றில் குறைந்தது மூன்று பொருந்துகின்றன. டாப்ளர் எடுத்தது சரிதான்.

வலது கழுத்துக் குழாய் மூளையின் வலது பாதிக்கு ரத்தம் கொடுக்கிறது. மூளையின் வலது பாதி உடம்பின் இடதுபக்கத்தை ஆள்கிறது. ஆக, வலது குழாயிலிருந்து ஒரு சின்னக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போனால் இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம் ஆகியவற்றில்தான் தெரியும். கண் மட்டும் விதிவிலக்கு. வலது குழாய்க்கு வலது கண். மேலேயிருந்து திரை இறங்குவது போல ஒரு கண் மட்டும் இருட்டிவிட்டுச் சில நிமிடங்களில் தெளிந்தது என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக் கண் மருத்துவரிடம் போய் நிற்பார்கள்.

இப்படி வந்து, சில நிமிடங்களில் தானே சரியாகிப் போவதை டி.ஐ.ஏ. என்கிறோம். தற்காலிகப் பக்கவாதம் என்று சொல்லலாம். சரியாகிவிட்டதே என்று வீட்டில் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். அந்தக் குழாயில் உள்ள படிவு அமைதியாக இல்லை, மேல்தோல் கிழிந்து அதன்மேல் ரத்தம் உறைகிறது என்று அது சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

இனி அந்த 75க்கு வருவோம். டாப்ளர் மெஷின் அடைப்பை அளவுகோல் வைத்து அளப்பதில்லை. ரத்தம் ஓடும் வேகத்தைத்தான் அது அளக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகிறதல்லவா, அதே கதைதான். இதயம் சுருங்கும்போது உட்கிளையில் வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்றும், 230ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்றும் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ரிப்போர்ட்டில் சுருக்கமாகச் சதவீதத்தை மட்டும் எழுதிவிடுவார்கள். உங்கள் கையில் உள்ள தாளில் வேகம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் இரண்டு நாளில் எடுத்தால் ஒருவர் 65 என்பார், இன்னொருவர் 80 என்பார். சுண்ணாம்பு படிந்த குழாயில் பார்ப்பது இன்னும் கஷ்டம். ஆகவே ஒரே ஒரு டாப்ளரை வைத்துக் கழுத்தில் கத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். கழுத்தில் எதாவது செய்வது என்று முடிவானால் அதற்கு முன் சி.டி. ஆஞ்சியோ ஒன்று தேவை. அதற்கு மறுபடியும் சாய மருந்து செலுத்துவார்கள். இதய ஆஞ்சியோவுக்கு இப்போதுதான் செலுத்தியிருக்கிறார்கள், சர்க்கரை உள்ள சிறுநீரகம் வேறு. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இடைவெளி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் சாயம் இல்லாமலே எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாயைப் பார்க்க வழி இருக்கிறது.

அப்பாவின் பயத்துக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும். பைபாஸின்போதோ அதற்கடுத்த சில நாட்களிலோ பக்கவாதம் வருவது உண்மை. நூறு பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். வயது, சர்க்கரை, பழைய பக்கவாதம் என்று சேரச் சேர இது ஏறும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வீட்டில் உள்ளவர்கள் மட்டும் இல்லை, டாக்டர்களும் பல காலம் கழுத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தோம்.

பெரிய குற்றவாளி இதயத்துக்கு மேலேயே இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் உள்சுவரிலும் இதே படிவு இருக்கும். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினோடு இணைக்க அங்கே ஒரு குழாயைச் செருகுகிறோம். கிளாம்ப் என்ற இடுக்கியைப் போடுகிறோம், எடுக்கிறோம். பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் காரை உதிர்வது போல அங்கிருந்து துகள் உதிர்ந்து தலைக்குப் போகலாம். இரண்டாவது, ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். துடிக்க வேண்டிய அறை நடுங்கிக்கொண்டு நிற்க, அதில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகும். மூன்றாவது, மெஷினில் இருக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் ரொம்பக் கீழே போனால் ஏற்கெனவே குறுகிய குழாய்க்கு அப்பால் உள்ள மூளைக்குப் போதுமான ரத்தம் போகாது. கழுத்து அடைப்பு நேரடியாக வேலை காட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான்.

பைபாஸுக்குப் பிறகு வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய பாதி, நோயாளி நன்றாக விழித்து, பேசி, கஞ்சி குடித்த பிறகு வருபவை. மேஜையில் நடந்தவை அல்ல. மூளை ஸ்கேனில் சேதம் இருக்கும் இடத்தையும் கழுத்தில் அடைப்பு இருக்கும் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலான பக்கவாதங்களுக்குக் கழுத்து அடைப்பை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை. கழுத்தில் அடைப்பு இருப்பவருக்கு மகாதமனியிலும் படிவு அதிகம் இருக்கும். கழுத்து பெரும்பாலும் துப்புதான் கொடுக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு இடது கழுத்தில் 80 சதவீதம் என்று நாங்கள் அதையே பேசிக்கொண்டிருந்தோம். கழுத்தையும் இதயத்தையும் ஒரே நாளில் செய்தார்கள், இரண்டும் அழகாக முடிந்தன. நான்காம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு இடது கை விழுந்துவிட்டது. வலது மூளை. நாங்கள் சரிசெய்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். முந்தைய இரவு முழுக்க அவருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடியிருந்தது மானிட்டரில் பதிவாகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் ஒருவன்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு.

டம்ளர் விழுந்தது வெறும் கை நழுவல்தான், இதுவரை மூளை சம்பந்தமாக ஒரு அறிகுறியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது ஒரு பக்கம் மட்டும் 75 சதவீதம், சத்தம் போடாத அடைப்பு. இந்த நிலையில் கழுத்தைத் தொடவே வேண்டாம் என்ற இரண்டாவது மருத்துவமனையின் பக்கம்தான் நான் நிற்பேன். வழக்கமாக எல்லோருக்கும் கழுத்தையும் சேர்த்துச் செய்வதை இன்றைய வழிகாட்டுதல்களும் ஏற்பதில்லை. ஜெர்மனியில் சில மருத்துவர்கள் துணிந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கழுத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாத 129 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பைபாஸ் மட்டும், மறுபாதிக்குக் கழுத்தும் பைபாஸும் சேர்த்துச் செய்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. 30 நாளுக்குள் பக்கவாதம் அல்லது மரணம், பைபாஸ் மட்டும் செய்தவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 10, சேர்த்துச் செய்தவர்களில் 18க்கும் மேல். ஆட்கள் போதிய அளவு சேராததால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை இறுதித் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்த்துச் செய்தால் பாதுகாப்பு என்று சொல்பவர்களுக்கு இதில் ஆதரவு எதுவும் இல்லை.

ஒரே மயக்கத்தில் இரண்டும் முடிந்துவிடும் என்பது குடும்பத்தினர் காதுக்கு இனிமையாக இருக்கும். செலவும் அலைச்சலும் ஒரு தடவைதான். ஆனால் மயக்கம் ஒன்றுதான், ஆபத்து இரண்டு. கழுத்து ஆபரேஷனே நூற்றுக்குச் சிலருக்குப் பக்கவாதத்தைக் கொடுக்கும். இரண்டு பக்கமும் கடுமையான அடைப்பு இருந்தாலோ, ஒரு பக்கம் முழுக்க மூடி மறுபக்கம் கடுமையாக இருந்தாலோ கணக்கு மாறும், அப்போது சேர்த்துச் செய்வதை யோசிக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இடதுபக்கம் 40தான். அது ஒரு நல்ல செய்தி, அதை அவரிடம் சொல்லுங்கள். மூளைக்குப் பின்பக்கமாக வேறு இரண்டு குழாய்களும் வருகின்றன. நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கைகோத்துக்கொள்கின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த வளையத்தின் பயனை விளக்கி எழுதியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு வாய்க்கால் குறைந்தால் மற்ற மூன்றும் ஈடுகொடுக்கப் பார்க்கும். எல்லோருக்கும் அந்த வளையம் முழுமையாக அமைவதில்லை என்பதும் உண்மை.

இனி மறுபக்கம். டம்ளர் விழுந்தது டி.ஐ.ஏ. என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு மருத்துவமனைகள் சொன்னதையும் மறுபடி யோசிக்க வேண்டும். இதே 75 சதவீதம் அப்போது வேறு நோய். 1991இல் வட அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அறிகுறி காட்டிய, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் 9 பேருக்கு. அப்போது மாத்திரைகள் இன்றுபோல் வலுவாக இல்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் அறிகுறி காட்டிய கழுத்தைச் சும்மா விடுவதில்லை என்ற நிலையில் இன்றும் மாற்றமில்லை. முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து உச்சம். அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் ஆறு மாதத்துக்குள் வந்த அறிகுறியைப் புதிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்வோம்.

அப்போது எதை முதலில் செய்வது? இங்கேதான் உண்மையான இழுபறி. கழுத்தை முதலில் செய்தால், லெஃப்ட் மெயினில் 60 சதவீதம் உள்ள இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்க வேண்டும், நடுவில் மாரடைப்பு வரலாம். இதயத்தை முதலில் செய்தால், ஏற்கெனவே ஒரு தடவை கட்டியை அனுப்பிய குழாய் மெஷினில் இருக்கும் நேரத்தைத் தாண்ட வேண்டும். கழுத்து அடைப்பை ஆபரேஷனில் வெற்றிகரமாக நீக்கியது 1953இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில் சர்ஜன் மைக்கேல் டிபேக்கி, 53 வயது பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு. அந்த மனிதர் அதற்குப் பிறகு 19 வருடம் பக்கவாதம் வராமல் வாழ்ந்து, கடைசியில் இதய ரத்தக்குழாய் நோயில் இறந்தார். கழுத்தைக் காப்பாற்றினாலும் இதயம் காத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1972இலேயே இரண்டையும் சேர்த்துச் செய்ததைப் பற்றி அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள். எந்த வரிசை சிறந்தது என்ற சண்டை அன்றிலிருந்து நடக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், அறிகுறி உறுதியானால் உங்கள் அப்பாவின் லெஃப்ட் மெயினை மனதில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் பக்கம் சாய்வேன். நெஞ்சுவலி மாத்திரையில் அடங்கி, இதயம் நிதானமாக இருந்தால், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக் கழுத்தை முதலில் முடித்துவிட்டுச் சில நாளில் பைபாஸ் செய்வதும் நல்ல வழிதான். இரண்டும் அந்தக் குழுவுக்கு எது பழக்கம் என்பதைப் பொறுத்தது. வருடத்துக்கு எத்தனை கழுத்து ஆபரேஷன் செய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது என்று தயங்காமல் கேளுங்கள். அறிகுறி உள்ளவர்களில் அது நூற்றுக்கு 6ஐத் தாண்டக் கூடாது, அறிகுறி இல்லாதவர்களில் 3ஐத் தாண்டக் கூடாது என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரம்பு. நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கொழுந்தனார் சொன்ன ஸ்டென்ட்டையும் தள்ளிவிட முடியாது. கழுத்தில் கத்தி படாது, மயக்கம் வேண்டாம். சிக்கல் அதற்குப் பிந்தைய மாத்திரையில் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் குறைந்தது நான்கு வாரம் சேர்த்துப் போட வேண்டும், நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். பைபாஸ் சர்ஜனோ ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே குளோபிடோக்ரெலை நிறுத்தச் சொல்வார், இல்லையென்றால் ரத்தம் நிற்காது. லெஃப்ட் மெயின் அடைப்போடு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இது தவிர, வயதானவர்களில் ஸ்டென்ட் வைக்கும்போதே துகள் உதிர்ந்து பக்கவாதம் வருவது கத்தி வைப்பதைவிடச் சற்று அதிகம். கழுத்தில் ஏற்கெனவே ஆபரேஷனோ கதிர்வீச்சோ ஆனவர்களுக்கு ஸ்டென்ட்தான் நல்லது. அப்பாவுக்கு என் முதல் தேர்வு அது இல்லை.

கழுத்தில் கத்தி என்றதும் அப்பா பயந்திருப்பார், அதனால் என்ன செய்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன். காதுக்குக் கீழிருந்து கழுத்துத் தசையின் ஓரமாக நாலைந்து அங்குல வெட்டு. குழாயை மேலும் கீழும் கிளாம்ப் போட்டு நிறுத்தி, நீளவாக்கில் திறந்து, படிவை உள்தோலோடு உரித்து எடுப்பார்கள். முற்றிய நுங்கைச் சுளையோடு தோண்டி எடுப்பது போல ஒரே துண்டாக வந்துவிடும். மஞ்சளாக, அங்கங்கே சுண்ணாம்புக் கரகரப்போடு இருக்கும். பிறகு ஒரு சின்ன ஒட்டுத்துணி வைத்துத் தைத்து மூடுவார்கள். கிளாம்ப் போட்ட நேரத்தில் அந்தப் பக்க மூளைக்கு ரத்தம் போதுமா என்று பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. நோயாளியை விழித்தபடி வைத்து, எதிர்ப்பக்கக் கையில் அழுத்தினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். பெரியவரே, அழுத்துங்கள் என்பார் மயக்க மருத்துவர். கீச். இன்னொரு தடவை. கீச். சத்தம் வராவிட்டால் சர்ஜன் சட்டென்று ஒரு தற்காலிகக் குழாயைச் செருகி ரத்தத்தை ஓடவிடுவார். அந்த அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தைப் பொம்மைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும், நிற்பவர்களுக்கு இல்லை. பைபாஸோடு சேர்த்துச் செய்தால் முழு மயக்கம்தான். அப்போது நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கர் மூலம் மூளையின் ஆக்சிஜனைக் கண்காணிக்க முடியும்.

பைபாஸ் மட்டும் என்று முடிவானாலும் அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். மெஷினில் இருக்கும்போது ரத்த அழுத்தத்தை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி வைப்பார்களா, மகாதமனியைக் கிளாம்ப் போடுவதற்கு முன் அல்ட்ராசவுண்டால் தொட்டுப் பார்ப்பார்களா, இதயத்தை நிறுத்தாமல், மகாதமனியைத் தொடாமல் மார்பின் உட்பக்க ரத்தக்குழாய்களை மட்டும் கொண்டு செய்யும் பழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள். பக்கவாதத்தைத் தடுக்கக் கைகொடுக்கக்கூடியவை இவைதான். ஆபரேஷனுக்குப் பிறகு துடிப்பு தாறுமாறானால் உடனே கவனிப்பார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எனக்கு ஏன் முக்கியம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. ஆஸ்பிரினையும் கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையையும் ஆபரேஷன் என்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் கழுத்துப் படிவின் மேல்தோலை உறுதியாக்குகிறது, அது உதிராமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வேறு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதாவது இருந்தால் நிறுத்தும் தேதியை இதய சர்ஜன் சொல்வார். ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கவும் வேண்டாம். பூண்டுச்சாறும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் அடைப்பு கரையும் என்று யாராவது வந்து சொல்வார்கள், அதில் ஒன்றும் கரையாது. பீடியை விட்டவர் திரும்பத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பயத்தில் ஒன்று பற்றவைத்துவிடுவார்கள். அப்புறம் அவர் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை இறங்கி, அதுவே பக்கவாதம் போல ஒரு கையை விழச் செய்யலாம்.

அதனால்தான் அந்தக் காலைநேரக் காபியைப் பற்றி நான் இவ்வளவு கேட்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து விசாரியுங்கள். அம்மா பார்த்திருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், பல நேரம் நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்களுக்கே நன்றாக நினைவிருக்கும். டம்ளர் சூட்டில் வழுக்கியதா, அல்லது கையே வலுவிழந்து தொங்கியதா? விழுந்த பிறகு இடது கையைத் தூக்கச் சொன்னால் தூக்கியிருப்பாரா, சட்டைப் பட்டன் போட முடிந்ததா? எத்தனை நிமிடம்? வாய் ஒரு பக்கம் இழுத்ததா, பேச்சு குழறியதா? அப்போது வேர்த்து, படபடத்து, ஏதாவது சாப்பிட்டதும் சரியானதா? அப்படியென்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சர்க்கரை நோயால் வரும் மரத்துப்போதல் மெல்ல மெல்ல, இரண்டு பாதங்களிலும் தொடங்கும். ஒரு காலையில் ஒரு கையில் மட்டும் திடீரென்று வந்து ஐந்து நிமிடத்தில் போகாது. வலது கண் எப்போதாவது இருட்டியதா என்பதையும் கேளுங்கள். வெறும் தலைசுற்றல் என்றால் அதைக் கழுத்துக் குழாயின் தலையில் கட்ட வேண்டாம், அதற்கு வேறு காரணங்கள்தான் அதிகம்.

அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் இதய சர்ஜனுக்குப் போன் செய்து, ஆபரேஷனுக்கு முன் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும், மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், வலது மூளையில் ஒரு பழைய தழும்பு தெரிந்தாலோ கேள்வியே முடிந்துவிடும். இதற்காக அட்மிஷன் சில நாள் தள்ளிப்போனால், நெஞ்சுவலி அடங்கியிருக்கும்வரை, அந்தத் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். இதற்கிடையில் கை தொங்கினாலோ வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ, சரியாகிவிட்டாலும்கூட, 108க்கு அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். பைபாஸ் முடிந்த பிறகு இப்படி ஆனால் அந்த ஊசியைப் போட மாட்டார்கள். குழாய் வழியாகப் போய்க் கட்டியை இழுத்தெடுக்கும் வசதி அந்த மருத்துவமனையிலோ பக்கத்திலோ இருக்கிறதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.